கைரளி படிக்கட்டு காலியாக இருந்த வருடம்: கேரளத் திரைப்பட விழா நான்கு ஊர்களுக்குப் போன கதை

டிசம்பர் இரண்டாவது வாரத்தில் நாகர்கோவிலில் காலை ரயில் ஏறினால் போதும். திருவனந்தபுரம் சென்ட்ரலில் இறங்கி, ஒரு சாயா குடித்துவிட்டு, தம்பானூரிலிருந்து நடந்தே கைரளி தியேட்டருக்குப் போய்விடலாம். வாசல் படிக்கட்டு முழுக்க ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். கழுத்தில் பாஸ், தோளில் விழாவில் கொடுத்த துணிப்பை, மடியில் நிகழ்ச்சிப் புத்தகம். அதில் பேனாவால் சுழித்த படங்கள், அடித்துவிட்ட படங்கள், பக்கத்தில் கேள்விக்குறி போட்ட படங்கள் என்று பக்கம் பக்கமாகக் கிறுக்கியிருக்கும். யாரென்றே தெரியாத ஒருவர் திரும்பி, காலையில் பார்த்த ஈரானியப் படம் எப்படி என்று கேட்பார். நீங்கள் சொல்வதைக் கேட்டுவிட்டுத் தன் புத்தகத்தில் ஒரு கேள்விக்குறியை அழித்துச் சுழி போடுவார்.

உள்ளே போனால் இருக்கை கிடைக்காது. நடைபாதைப் படிகளில் உட்காருவார்கள், திரைக்கு முன்னால் தரையில் உட்காருவார்கள், பின்சுவரில் சாய்ந்து இரண்டரை மணி நேரம் நின்றே பார்ப்பவர்களும் உண்டு. படம் பிடித்திருந்தால் கைதட்டல் தியேட்டரை விட்டு வெளியே வந்தும் ஓயாது. ஐ.எஃப்.எஃப்.கே. என்று எல்லோரும் சொல்லும் கேரள சர்வதேசத் திரைப்பட விழாவின் அடையாளமே இந்த நெருக்கடிதான். உலகத்தில் இதைவிடப் பணக்கார விழாக்கள், நட்சத்திரங்கள் நிறைந்த விழாக்கள் நிறைய உண்டு. பார்வையாளர்களுக்காகவே பேசப்படும் விழாக்கள் குறைவு.

2020இல் கொரோனா வந்தபோது மருத்துவர்கள் எதையெல்லாம் செய்யாதீர்கள் என்றார்களோ, அத்தனையும் இந்த விழாவின் அன்றாடம். மூடிய அறை, ஏசி, தோளோடு தோள் உரசும் கூட்டம், பல மாவட்டங்களிலிருந்து வந்து எட்டு நாள் ஒன்றாகச் சுற்றும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பிரதிநிதிகள், அதாவது பணம் கட்டிப் பாஸ் வாங்கிய பார்வையாளர்கள். அந்த வருடம் நடந்திருக்க வேண்டியதோ 25ஆவது விழா, வெள்ளி விழா. டிசம்பரில் நடத்த வழியில்லை என்று ஆனது. 2021 பிப்ரவரி 10 முதல் மார்ச் 5 வரை, திருவனந்தபுரம், கொச்சி, தலச்சேரி, பாலக்காடு என்று நான்கு ஊர்களில், ஊருக்கு ஐந்து நாளாக அது நடந்தது. அந்த முடிவு எப்படி வந்தது, நிகழ்ச்சி நிரலை அது என்ன செய்தது, எதைக் கொடுத்தது, எதை எடுத்துக்கொண்டது என்று கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

முதலில் பின்னணி. இந்த விழா 1994இல் கோழிக்கோட்டில் தொடங்கியது. 1998இல் கேரள மாநிலச் சலச்சித்ர அகாதமி, அதாவது திரைப்பட அகாதமி, உருவானதும் பொறுப்பு அதனிடம் வந்தது. மாநில அரசின் பண்பாட்டுத் துறை சார்பில் அகாதமிதான் இதை நடத்துகிறது. அப்புறம் மெல்ல மெல்லத் திருவனந்தபுரமே நிலையான இடம் ஆனது. ஆனால் இந்தக் கூட்டத்தை விழா உருவாக்கவில்லை. இயக்குநர் அடூர் கோபாலகிருஷ்ணனும் நண்பர்களும் 1965இல் சித்ரலேகா ஃபிலிம் சொசைட்டியைத் தொடங்கியதிலிருந்து, சின்னச் சின்ன ஊர்களில்கூட ஒரு வாசகசாலை மாடியிலோ பள்ளிக்கூட அறையிலோ 16 மி.மீ. புரொஜெக்டர் வைத்து உலகப் படம் பார்க்கும் பழக்கம் கேரளத்தில் பரவியிருந்தது. எண்பதுகளில் மலையாள இயக்குநர் ஜான் ஆபிரகாமும் அவருடைய ஒடேசா குழுவினரும் மக்களிடம் காசு திரட்டிப் படம் எடுத்து, அதை ஊர் ஊராகத் தூக்கிக்கொண்டு போய்க் காட்டினார்கள். டூரிங் டாக்கீஸ் என்ற பெயரில் கிராமங்களுக்குப் படத்தைக் கொண்டுபோகும் திட்டம் அகாதமியிடமும் உண்டு. ஆகவே படம் பார்ப்பவனைத் தேடிப் போவது அந்த மண்ணுக்குப் புதிய யோசனை இல்லை. பெரிய விழா ஒன்று வந்த பிறகு, அந்தப் பழைய வழி கொஞ்சம் மறந்துபோயிருந்தது, அவ்வளவுதான்.

இடர் வந்தால் உருமாறுவதும் இந்த விழாவுக்குப் புதிதில்லை. 2018 ஆகஸ்டு வெள்ளத்துக்குப் பிறகு அரசு அந்த ஆண்டின் விழாக்களையெல்லாம் நிறுத்தச் சொன்னது. அரசுப் பணம் இல்லாமல் நடத்திக்கொள்கிறோம் என்று அகாதமி கேட்டு அனுமதி வாங்கியது. முந்தைய ஆண்டு 650 ரூபாயாக இருந்த பிரதிநிதிக் கட்டணம் ஒரேயடியாக 2,000 ஆனது. செலவைக் குறைத்து விழா நடந்தது. சினிமா ரசிகர்களுக்கு அந்த 2,000 வலித்தது, ஆனாலும் கட்டினார்கள். இந்த விழாவை நடத்தாமல் விட்டால் மக்கள் ஏற்க மாட்டார்கள் என்பதை அகாதமி அன்றே தெரிந்துகொண்டிருக்கும்.

2020இல் உலகத் திரைப்பட விழாக்கள் முன்னால் இருந்த வழிகள் மூன்றுதான். நிறுத்துவது, இணையத்துக்குப் போவது, ஆட்களைக் குறைத்து நேரில் நடத்துவது. கான் விழா அந்த மே மாதம் வழக்கம்போல் நடக்கவில்லை. வெனிஸ், செப்டம்பரில் இருக்கை முன்பதிவு, முகக்கவசம், திறந்தவெளித் திரைகள் என்று நேரிலேயே நடத்திக் காட்டியது. டொராண்டோ பெரும்பகுதியை இணையத்துக்கு மாற்றியது. மே மாதக் கடைசியில் மும்பையின் மாமி (MAMI) திரைப்பட விழா உட்பட இருபதுக்கும் மேற்பட்ட விழாக்கள் சேர்ந்து பத்து நாள் யூடியூபில் இலவசமாகப் படங்களைக் காட்டின. கோவா விழா நவம்பரிலிருந்து 2021 ஜனவரிக்குத் தள்ளிப்போய், பாதி நேரில், பாதி இணையத்தில் நடந்தது. சென்னை விழா பிப்ரவரி 18 முதல் 25 வரை தியேட்டரில் நடந்தது. கொச்சியில் கேரள விழா நடந்த அதே வாரம் அது.

இணையவழி விழாவைக் குறை சொல்ல முடியாது. வீட்டைவிட்டு வெளியே வர முடியாதவர்களுக்கும், பயணச் செலவுக்குக் காசில்லாதவர்களுக்கும் அது கதவைத் திறந்துவிட்டது. ஆனால் விழாக்காரர்களுக்கு அதில் ஒரு சிக்கல் இருந்தது. படத்தை விற்பவர்கள், அதாவது உலக விற்பனை உரிமை வைத்திருக்கும் நிறுவனங்கள், புதிய படங்களை இணையத்தில் விடப் பயந்தார்கள். திருட்டுப் பிரதி வெளியே போனால் அந்தப் படத்தின் வாழ்க்கையே முடிந்துவிடும். அதனால் இந்த நாட்டுக்குள் மட்டும், இத்தனை பேருக்கு மட்டும், இத்தனை மணி நேரத்துக்கு மட்டும் என்று நிபந்தனைகள் வரும். விழா ஆசைப்பட்ட படம் ஒன்றாக இருக்கும், கைக்குக் கிடைப்பது வேறொன்றாக இருக்கும்.

கேரளத்தைப் பொறுத்தவரை இதைவிட எளிய காரணம் ஒன்று இருந்தது. பார்வையாளர்களுக்காகவே பேர்பெற்ற விழாவில் பார்வையாளர்களை வீட்டில் உட்காரவைத்துவிட்டால் மிச்சம் என்ன இருக்கும்? அகாதமி தலைவராக இயக்குநர் கமலும், கலை இயக்குநராகப் படத்தொகுப்பாளர் பீனா பாலும் இருந்த காலம் அது. தியேட்டரில்தான் நடத்துவது என்று முடிவானது.

ஆனால் தியேட்டர்? 2020 மார்ச்சில் மூடிய கேரளத் தியேட்டர்கள் பத்து மாதம் பூட்டியே கிடந்தன. ஜனவரி தொடக்கத்தில் அரசு அனுமதி கொடுத்தும் உரிமையாளர்கள் திறக்க மறுத்தார்கள். கேளிக்கை வரி, பூட்டியிருந்த காலத்து மின்கட்டணம் என்று அவர்களுக்கு நியாயமான கோரிக்கைகள் இருந்தன. பேச்சுவார்த்தை முடிந்து கதவு திறந்தது ஜனவரி 13 அன்று, விஜய் நடித்த 'மாஸ்டர்' படத்தோடு. பாதி இருக்கை, காலை ஒன்பது முதல் இரவு ஒன்பது வரை என்பது நிபந்தனை. ஒரு தமிழ்ப் பொங்கல் படம் கேரளத் திரைகளில் மறுபடி வெளிச்சம் போட்டது. நான்கு வாரம் கழித்து அதே மாநிலத்துத் திரைகளில் உலக சினிமா வந்தது.

அந்த நான்கு வாரத்தில் நிலைமை ஒன்றும் சரியாகிவிடவில்லை என்பதைச் சொல்லத்தான் வேண்டும். நாடு முழுக்கத் தொற்று இறங்கிக்கொண்டிருந்த அந்தப் பிப்ரவரியில் கேரளத்தில் மட்டும் நாளொன்றுக்கு ஐயாயிரத்துக்கு மேல் பதிவானது. இந்தியாவின் அன்றாட எண்ணிக்கையில் பாதிக்கு அருகில் அந்த ஒரு மாநிலத்திலிருந்தே வந்துகொண்டிருந்தது. அப்படிப்பட்ட நேரத்தில் பத்தாயிரம் பேரை ஒரே நகரத்தில் எட்டு நாள் கூட்டுவதை எந்தச் சுகாதாரத் துறையும் ஒப்புக்கொள்ளாது. மாநிலத்தின் தெற்கு, நடு, வடக்கு, கிழக்கு என்று நான்கு மூலைக்கும் விழாவைப் பிரித்தால் மக்கள் மாவட்டம் விட்டு மாவட்டம் அலைய வேண்டியதில்லை, ஒரு தொற்று வந்தாலும் மாநிலம் முழுக்கப் பரவாது என்பதுதான் கணக்கு. அதற்காகத்தான் அவரவர் பகுதிக்கு உரிய ஊரிலேயே பதிவு செய்யச் சொன்னார்கள்.

ஜனவரி தொடக்கத்தில் பண்பாட்டுத் துறை அமைச்சர் ஏ.கே. பாலன் இதை அறிவித்ததும் சண்டை ஆரம்பித்தது. திருவனந்தபுரம் எம்.பி. சசி தரூர் உட்படப் பலர் எதிர்த்தார்கள். இந்த நகரத்தின் பழக்கம், வசதி, விஷயம் தெரிந்த ரசிகர் கூட்டம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு விழாவை எப்படி வெளியே கொண்டுபோகலாம் என்று கேட்டார்கள். கொரோனாவைச் சாக்காக வைத்து விழாவைத் தலைநகரிலிருந்து நிரந்தரமாகப் பிரித்துவிடுவார்களோ என்ற பயம் அதன் அடியில் இருந்தது. வடக்கே இருந்தவர்கள் வேறு மாதிரி கேட்டார்கள். நாங்கள் இருபது வருடமாக ராத்திரி ரயிலில் வந்துபோகிறோம், ஒரு தடவை விழா எங்கள் ஊருக்கு வந்தால் என்ன? திருவனந்தபுரமே நிரந்தர இடம், இது இந்த ஆண்டுக்கு மட்டுமான ஏற்பாடு என்று அமைச்சர் விளக்கம் கொடுத்த பிறகுதான் சத்தம் குறைந்தது. இரண்டு தரப்பிலும் நியாயம் இருந்தது என்றாலும், காசர்கோட்டிலிருந்து வருடா வருடம் பன்னிரண்டு மணி நேரம் பயணம் செய்தவன் பக்கம்தான் என் மனசு சாய்கிறது.

சரி, நிகழ்ச்சி நிரல் என்ன ஆனது? 2019 டிசம்பரில் 180க்கும் மேற்பட்ட படங்கள். 2021இல் சுமார் 80. பாதிக்கும் கீழே. காகிதத்தில் பார்த்தால் பெரிய இழப்பு மாதிரி தெரியும். ஆனால் பார்ப்பவன் பக்கத்திலிருந்து ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். எட்டு நாள் விழாவில் ஒருவர் வெறிகொண்டு நாளுக்கு ஐந்து படம் பார்த்தாலும் நாற்பது படம்தான், அதாவது 180இல் கால் பங்குகூட இல்லை. ஐந்து நாளில் நாளுக்கு நான்கு படம் என்றால் இருபது, அது 80இல் சரியாகக் கால் பங்கு. ஆக, ஒரு தனி ஆள் பார்க்க முடிந்த பங்கு கிட்டத்தட்ட மாறவே இல்லை. குறைந்தது தற்செயல். கேள்விப்படாத நாட்டின் பெயர் தெரியாத இயக்குநர் படம், மற்றதெல்லாம் ஹவுஸ்ஃபுல் என்பதால் வேறு வழியில்லாமல் நுழைந்து, வாழ்நாள் முழுக்க மறக்காத படமாக ஆகிவிடுவது விழாக்களில் அடிக்கடி நடக்கும். படங்களைக் குறைக்கும்போது முதலில் அடிபடுவது அந்த வகைப் படங்கள்தான்.

வெட்டியதிலும் ஒரு யோசனை இருந்தது. போட்டிப் பிரிவு 14 படங்களோடு அப்படியே இருந்தது. ஆசியா, ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்கப் படங்களுக்கான போட்டிதான் இந்த விழாவின் முதுகெலும்பு, அதில் கைவைக்கவில்லை. மலையாளப் புதுப் படங்களுக்கும் பிற இந்தியப் படங்களுக்குமான பிரிவுகளும் இருந்தன. சமகால இயக்குநர் என்ற வரிசையில் கொரியாவின் லீ சாங்-டாங் படங்கள் வந்தன. தொடக்கப் படம் யாஸ்மிலா ஸ்பானிச் இயக்கிய போஸ்னியப் படம் 'குவோ வாடிஸ், ஐடா?'. 1995 ஸ்ரெப்ரெனிட்சா படுகொலையின்போது ஐ.நா. முகாமில் மொழிபெயர்ப்பாளராக வேலை பார்க்கும் ஒரு பெண், தன் குடும்பத்தைக் காப்பாற்ற ஓடிக்கொண்டே இருக்கும் கதை. ஒரு வருடம் வீட்டுக்குள் அடைந்து கிடந்துவிட்டு வெளியே வந்த மக்களுக்கு முதலில் காட்ட இதைத் தேர்ந்தெடுத்தார்கள். பார்வையாளர்களை மதிக்கிறவர்கள் செய்யும் காரியம் என்று அதை நினைத்துக்கொள்கிறேன்.

வெளியே தெரியாத வேலை ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லாமல் நான்கு ஊர் விழா எவ்வளவு சிரமம் என்பது புரியாது. இப்போதெல்லாம் படம் ஃபிலிம் பெட்டியில் வருவதில்லை. டிசிபி என்ற டிஜிட்டல் கோப்பாக, பெரும்பாலும் ஹார்ட் டிஸ்கில், பூட்டுப் போட்டு வருகிறது. அந்தப் பூட்டைத் திறக்க ஒரு கீ தனியாக அனுப்புவார்கள். அந்தக் கீ குறிப்பிட்ட தியேட்டரின் குறிப்பிட்ட சர்வருக்கு மட்டும், குறிப்பிட்ட நாளில் இத்தனை மணியிலிருந்து இத்தனை மணி வரைக்கும்தான் வேலை செய்யும். ஷோ பக்கத்துத் திரைக்கு மாறினால் புதுக் கீ வேண்டும். பாரிஸிலோ பெர்லினிலோ இருப்பவர் தூங்கிவிட்டால் இங்கே தியேட்டர் நிறைய ஆட்கள் காத்திருப்பார்கள். ஒரே ஊரில் நடத்தும் விழாவுக்கே இது தலைவலி. நான்கு ஊர் என்றால் ஒவ்வொரு ஊருக்கும் சர்வர் விவரம் அனுப்பி, ஒவ்வொரு படத்துக்கும் கீ வாங்கி, சோதித்துப் பார்த்து வைத்திருக்க வேண்டும். போதாததற்கு, ஒரு விழாவில் இரண்டு மூன்று காட்சி என்று பேசித்தான் பொதுவாக உரிமை வாங்குவார்கள். இருபத்து நான்கு நாளில் நான்கு ஊர் என்றதும் பேச்சை மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

தேதிகளைப் பார்த்தாலே அந்த ஓட்டம் தெரியும். திருவனந்தபுரம் பிப்ரவரி 10 முதல் 14 வரை. கொச்சி 17 முதல் 21 வரை. தலச்சேரி 23 முதல் 27 வரை. பாலக்காடு மார்ச் 1 முதல் 5 வரை. முதல் ஊருக்கும் இரண்டாவது ஊருக்கும் நடுவில் இரண்டு நாள் இடைவெளி, அதற்குப் பிறகு ஒரே ஒரு நாள். ஒரு நாளில் கூடாரத்தைப் பிரித்து அடுத்த ஊரில் நட்டுவிடும் சர்க்கஸ்காரர்களின் வேகம். இந்திய சர்க்கஸ் வளர்ந்த தலச்சேரிக்கு விழா அப்படிப் போய்ச் சேர்ந்தது பொருத்தம்தான்.

பார்வையாளர்களுக்கு என்ன மாறியது? கட்டணம் குறைந்தது: முந்தைய ஆண்டு 1,000 ரூபாய் (மாணவர்களுக்கு 500), இந்த ஆண்டு 750, மாணவர்களுக்கு 400. ஒவ்வொரு ஊரிலும் பாஸ் எண்ணிக்கைக்கு வரம்பு. நோய் இல்லை என்ற பரிசோதனைச் சான்று இருந்தால்தான் பாஸ் கைக்கு வரும். விழா வளாகத்திலேயே ஆன்டிஜன் பரிசோதனைக்கும் ஏற்பாடு செய்திருந்தார்கள். எல்லா இருக்கைக்கும் முன்பதிவு கட்டாயம். ஒரு இருக்கை விட்டு ஒரு இருக்கை. நின்று பார்க்கக் கூடாது, தரையில் உட்காரக் கூடாது.

மற்றதை விடுங்கள், இந்த முன்பதிவு விதிதான் விழாவின் குணத்தையே மாற்றியது. வரிசையில் நிற்பது இந்த விழாவில் பெரிய விஷயம். ஒரு மணி நேரம் வெயிலில் நின்றவர்களுக்கு நடுவில் ஒரு பேச்சு உருவாகும், ஒரு கோபம் உருவாகும், சிலசமயம் கோஷமே உருவாகும். மாணவர், பேராசிரியர், ஆட்டோ ஓட்டுநர், துணை இயக்குநர் எல்லோரும் அந்த வரிசையில் ஒன்றுதான். முன்பதிவு ஆப் அதை நேர்த்தியாகத் துடைத்துவிட்டது. ஃபோனில் இருக்கை கிடைத்தவன் நேரத்துக்கு வந்தான், பார்த்தான், போனான். வசதி என்று சொன்னால் வசதிதான். இரண்டு பேருக்கு நடுவில் காலியாக விட்ட அந்த ஒற்றை இருக்கையில்தான் வழக்கமாக, படம் முடிந்ததும் உங்களிடம் பேச்சுக் கொடுக்கும் முன்பின் தெரியாத ஆள் உட்கார்ந்திருப்பார்.

வெளிநாட்டு இயக்குநர்களுடனான உரையாடல்கள் இணையத்துக்குப் போயின. அது மாற்று ஏற்பாடுதான், ஆனால் அதிலிருந்துதான் இந்த விழாவின் வரலாற்றிலேயே உலகம் முழுக்கப் பேசப்பட்ட ஒரு நிகழ்வு வந்தது. அந்த ஆண்டு வாழ்நாள் சாதனையாளர் விருது பிரெஞ்சு சினிமாவின் இயக்குநர் ழான் லூக் கோதாருக்கு. தொண்ணூறு வயது. நிசாகந்தி திறந்தவெளி அரங்கில் அவர் சார்பில் விருதை வாங்கிக்கொண்டவர் அடூர் கோபாலகிருஷ்ணன். சித்ரலேகாவைத் தொடங்கி இந்த ஊருக்கு உலக சினிமா பார்க்கக் கற்றுக்கொடுத்தவரே அதைக் கையில் வாங்கினார். சாதாரண வருடமாக இருந்திருந்தாலும் கோதார் விமானம் ஏறி வந்திருப்பாரா என்பது சந்தேகமே. எல்லாமே திரை வழியாக என்று ஆகிவிட்டதால், சுவிட்சர்லாந்தில் தன் வீட்டில் உட்கார்ந்து, வாயில் சுருட்டோடு, விமர்சகர் சி.எஸ். வெங்கிடேஸ்வரனிடம் ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினார். அந்தப் பேச்சில்தான் கையிலிருக்கும் இரண்டு திரைக்கதைகளை முடித்துவிட்டுச் சினிமாவுக்கு விடைகொடுக்கப் போவதாகச் சொன்னார். மறுநாள் உலகப் பத்திரிகைகளெல்லாம் கேரள விழாவின் பெயரைப் போட்டு அதைச் செய்தியாக்கின. அடுத்த ஆண்டு செப்டம்பரில் கோதார் போய்விட்டார்.

அஞ்சலிப் பிரிவைப் பற்றி எழுதும்போது கை கொஞ்சம் தயங்குகிறது. எந்த விழாவிலும் அந்தப் பிரிவு இருக்கும். அந்த ஆண்டு அது நோயின் பட்டியல் மாதிரியே இருந்தது. அர்ஜென்டினாவின் இயக்குநர் பெர்னாண்டோ சொலானஸ் 2019 டிசம்பரில் இதே விழாவின் வாழ்நாள் சாதனையாளர் விருதை நேரில் வந்து வாங்கிக்கொண்டவர். பதினோரு மாதத்தில், 2020 நவம்பரில், பாரிஸில் கொரோனாவில் இறந்தார். வங்காள நடிகர் சௌமித்ர சாட்டர்ஜி அதே நவம்பரில். கொரிய இயக்குநர் கிம் கி-டுக் டிசம்பரில், லாட்வியாவில், அவரும் கொரோனாவில்தான். கிம் 2013இல் திருவனந்தபுரம் வந்தபோது தெருவில் நடக்க முடியாத அளவுக்குக் கூட்டம் அவரைச் சூழ்ந்துகொண்டது. தன் சொந்த நாட்டில்கூட இப்படி ஒரு வரவேற்பு அவருக்குக் கிடைத்ததில்லை என்று அப்போது பேசிக்கொண்டார்கள். அன்று அவரைத் தொட்டுப் பார்க்க முண்டியடித்தவர்கள், ஏழு வருடம் கழித்து, ஒரு இருக்கை விட்டு ஒரு இருக்கையில், முகக்கவசத்தோடு அவருக்கு அஞ்சலி செலுத்தினார்கள்.

கொச்சிக்கு விழா சுமார் இருபது வருடத்துக்குப் பிறகு திரும்பி வந்தது. மலையாள சினிமாவின் ஆட்கள் பெரும்பாலும் குடியிருப்பது அங்கேதான். சரிதா, சவிதா, சங்கீதா என்று பழைய தியேட்டர்களில் நடந்தது. அதைப் பற்றி நீட்டிச் சொல்ல எனக்கு அதிகமில்லை. பெருநகரத்துக்கு எல்லாம் எப்படியும் வந்துவிடும். தலச்சேரியும் பாலக்காடும் வேறு கதை. தலச்சேரி கடலோரத்துச் சின்ன ஊர். கேக்குக்கும் பிரியாணிக்கும் பேர்போனது. அங்கே லிபர்ட்டி தியேட்டர் வளாகத்தில், லெசோத்தோ நாட்டுப் படத்தையும் அஜர்பைஜான் படத்தையும் உள்ளூர்க்காரர் வீட்டுக்குப் போய் மதியச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு வந்து பார்க்க முடிந்தது. இது சின்ன விஷயமாகத் தெரியலாம். எட்டு நாள் வீட்டைவிட்டு, வேலையைவிட்டு, அறை வாடகை கொடுத்துத் தலைநகரில் தங்க யாரால் முடியும்? சின்னக் குழந்தை இருக்கும் பெண்ணால் முடியாது. தினக்கூலிக்குப் போகிறவரால் முடியாது. அந்த ஐந்து நாள் விழா அவர்களுக்கு நடக்கும் தூரத்தில் இருந்தது.

பாலக்காட்டில் விழா முடிந்ததில் நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. கோயம்புத்தூரிலிருந்து ஐம்பது கிலோமீட்டர்தான், தெருவில் தமிழ் சகஜமாகக் காதில் விழும் ஊர் என்பது ஒரு பக்கம். விழாவின் சின்னத்தைக் கூர்ந்து பார்த்திருக்கிறீர்களா? ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் திரையில் வரும் அந்த உருவம் இலங்காலட்சுமி, ராமாயணத்தில் இலங்கையைக் காவல் காப்பவள். தோல்பாவைக்கூத்துப் பொம்மை. 1988இல் திருவனந்தபுரத்தில் நடந்த இந்தியத் திரைப்பட விழாவுக்காக இயக்குநர் ஜி. அரவிந்தன் வரைந்து கொடுத்தது, பிறகு கேரள விழாவின் அடையாளம் ஆனது. அந்தக் கூத்து இன்னும் உயிரோடு இருப்பது பாலக்காடு மாவட்டத்துப் பகவதி கோயில்களின் கூத்துமாடங்களில். திரைக்குப் பின்னால் விளக்கேற்றி, பொம்மையை ஆட்டி, இரவெல்லாம் அங்கே பாடுவது கம்பராமாயணப் பாட்டு. வெள்ளைத் துணி, பின்னால் விளக்கு, அதில் நிழல் உருவங்கள்: அந்த ஊருக்குச் சினிமா வருவதற்குப் பல தலைமுறை முன்பே திரை இருந்தது. 25ஆவது விழா முடிந்தபோது அந்த இலங்காலட்சுமி ஒருவகையில் சொந்த வீட்டுக்குப் போயிருந்தாள்.

மார்ச் 5 அன்று பாலக்காட்டில் பரிசுகள் அறிவிக்கப்பட்டன. விழாவின் முதல் பரிசான சுவர்ண சகோரம் ஆப்பிரிக்காவின் லெசோத்தோவுக்குப் போனது. லெமோஹாங் ஜெரமையா மொசேசே இயக்கிய அந்தப் படத்தில், குடும்பத்தில் ஒவ்வொருவராக இழந்த எண்பது வயது மூதாட்டி தன் சாவுக்காகக் காத்திருக்கிறாள். அணை கட்டப் போகிறார்கள், முன்னோரைப் புதைத்த இடம் தண்ணீரில் மூழ்கப் போகிறது என்று தெரிந்ததும் எழுந்து நிற்கிறாள். அடக்கம் செய்யக்கூட உறவினர் போக முடியாத ஒரு வருடத்தைத் தாண்டி வந்தவர்கள் அந்தப் படத்தைப் பார்த்தார்கள். பார்வையாளர்கள் வாக்கில் வென்றது லிஜோ ஜோஸ் பெல்லிசேரியின் மலையாளப் படம் 'சுருளி'.

விழாவுக்கு ஒரு ஜன்னல்தான் திறந்திருந்தது என்பது பிறகு தெரிந்தது. ஏப்ரல் 6 சட்டமன்றத் தேர்தல். அந்த மாதக் கடைசியில் இரண்டாம் அலை ஏறி, தியேட்டர்கள் மறுபடி மூடின. மே 8 முதல் முழு ஊரடங்கு. திரைகள் திரும்பத் திறந்தது அக்டோபர் 25 அன்று. இரண்டு மாதம் தள்ளிப் போட்டிருந்தால் விழா முழுதாக நடந்திருக்காது. அந்தப் பிப்ரவரியில் கூடியது சரியா என்று கேட்பவர்களின் கேள்வியை நான் தள்ளிவிட மாட்டேன். நோய் அதிகமிருந்த மாநிலம் அது. ஆனால் ஊரெங்கும் தேர்தல் கூட்டம் முகக்கவசம் இல்லாமல் நடக்கப் போகிற நேரத்தில், சான்று காட்டி, இடம் விட்டு உட்கார்ந்து, வாய்மூடிப் படம் பார்த்த கூட்டத்தை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நான்கு ஊர் முறை அதற்குப் பிறகு திரும்பவில்லை. 26ஆவது விழா ஒமைக்ரானால் பிப்ரவரியிலிருந்து தள்ளிப்போய், 2022 மார்ச் 18 முதல் 25 வரை திருவனந்தபுரத்திலேயே நடந்தது. 27ஆவது அதே ஆண்டு டிசம்பரில், பழைய மாதத்துக்கே வந்து சேர்ந்தது. அமைச்சர் சொன்ன சொல் காப்பாற்றப்பட்டது. ஆனால் வாசல் முழுக்க மூடிவிடவும் இல்லை. 2022 ஏப்ரல் முதல் வாரத்தில், தலைநகர விழா முடிந்த கையோடு, கொச்சியில் வட்டார விழா ஒன்றை ஐந்து நாள் அகாதமி நடத்தியது. தலச்சேரிக்கும் பாலக்காட்டுக்கும் இதுபோல் வருடா வருடம் ஒன்று கிடைக்க வேண்டும் என்பது என் ஆசை. கோப்பு வடிவில் படம் வரும் காலத்தில், உரிமைக்குப் பேசும்போதே இரண்டாவது ஊரையும் சேர்த்துப் பேசிவிட்டால் ஆகும் கூடுதல் செலவு, ஒரு நிறைவு விழா மேடை அலங்காரத்தைவிடப் பெரிதாக இருக்காது.

அந்த 2022 மார்ச் விழாவில் ஒரு தமிழ்ப் படம் இருந்தது. மதுரைப் பக்கத்துக் காய்ந்த நிலத்தில் குடிகாரத் தகப்பனும் சின்னப் பையனும் வெயிலில் நடக்கும் கதை, பி.எஸ். வினோத்ராஜின் 'கூழாங்கல்'. 2021 பிப்ரவரியில் ரோட்டர்டாம் விழாவில் அது டைகர் விருது வாங்கியது. கேரள விழா திருவனந்தபுரத்தில் தொடங்குவதற்குச் சில நாள் முன்பு அது. ஆனால் நெதர்லாந்துத் தியேட்டர்கள் அப்போது பூட்டிக் கிடந்தன. விழாவே பெரும்பாலும் இணையத்தில்தான் நடந்தது. உலகம் அந்தப் படத்தை முதலில் லேப்டாப்பில், தனித்தனி வீடுகளில் பார்த்தது. ஒரு வருடம் கழித்துத் திருவனந்தபுரத்தில், திரும்பி வந்திருந்த கூட்டத்துக்கு நடுவில், அது பெரிய திரையில் ஓடியது. நடுவர்கள் கொடுத்த பரிசுகளோடு, பார்வையாளர்கள் வாக்குப் போட்டுக் கொடுக்கும் பரிசும் அந்தப் படத்துக்கே போனது.